டப்பாராஜுவின் பாட்டு

அத்தியாயம் 14

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாயசக் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போன பத்ரியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஆறு நாள் ஆகிவிட்டது. இன்று சனிக்கிழமை. ஹைதராபாத் குஷாய்குடாவில் பெற்றோர் வீட்டுப் பக்கம் அவன் இன்னும் தலைகாட்டவில்லை.

அவன் தங்கை சாருலதா செய்த குற்றம் இதுதான்: தான் போட்ட மெட்டை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்க வைத்தாள். ஜூபிலி ஹில்ஸில் ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில், தபால் கொடுக்கும் ரோபோ ஒன்றின் கதை இருபத்தாறு வாரத் தொடராகத் தயாராகிறது. அதற்கு இசை அமைக்கும் வேலை இருபத்தைந்து வயதில் அவள் மடியில் வந்து விழுந்திருந்தது. தலைப்பு இசை ஐம்பது விநாடி. கேட்டு முடித்ததும் அம்மா கல்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ராமசுவாமி "ம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அண்ணன் மட்டும் எழுந்து போய்விட்டான்.

"இன்னும் கையெழுத்துப் போடலையா நீ?" என்று தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள் கல்பகம். ஹைதராபாத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் கும்பகோணம் அவள் நாக்கை விட்டு இறங்கவில்லை.

மேஜைமேல் இரண்டு பக்கக் காகிதம் கிடந்தது. வக்கீல் ஆங்கிலத்தில் நீட்டி முழக்கியிருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். 'இந்த இசை முழுவதும் என் சொந்தக் கற்பனை, இதில் வேறு எவருக்கும் பங்கில்லை.' அடியில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, மாலை ஐந்து மணிக்குள் உஷா மேடத்துக்கு அனுப்ப வேண்டும். தொடரின் தயாரிப்பாளர் அந்த அம்மாள். நல்லவர்தான், ஆனால் கடிகாரத்துக்குப் பிறந்தவர்.

"அண்ணா ஏம்மா எழுந்து போனான்?"

"வயத்துல ஏதாவது சரியில்லாம இருந்திருக்கும்."

"வயத்துல சரியில்லாதவன் ஆறு நாளா என் போனை எடுக்காம இருப்பானா?"

கல்பகம் கரண்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "அவனும் மனுஷன்தானேடி. தனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைச்சிருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணாதா? விடு. தானா சரியாயிடும். தோசை ஆறறது, வா."

சாருவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. தோசையைச் சொல்லவில்லை, அம்மா சொன்ன காரணத்தைச் சொல்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன், சென்னையில் ஒலிப்பதிவுப் படிப்புக்குப் போகிறேன் என்று பத்ரி கேட்டான். "வேண்டாம்" என்றார் அப்பா. அதோடு முடிந்தது. பத்ரி சாஃப்ட்வேருக்குப் போனான். நான்கு வருஷம் கழித்து அதே ஆசை சாருவுக்கு வந்தபோது, அப்பாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாதாடி அனுமதி வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். தனக்குக் கிடைக்காததைத் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தவன், அது பலிக்கிற நேரத்தில் வயிறெரிவானா?

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

குஷாய்குடாவிலிருந்து மாதாப்பூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நகரத்தின் இந்தக் கோடியில் சர்க்கார் தொழிற்சாலைகளும் குவார்ட்டர்ஸ்களும். அந்தக் கோடியில் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் ஒன்றரை மணி நேரமும் ஜூலை மழையும். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் சாரு கண்ணை மூடிக்கொண்டாள். நாமும் அதற்குள் ஒரு பழைய விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

ராமசுவாமி எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தார். இரவு ஷிப்ட் வாரங்களில் பகலில் தூங்குவார். இரண்டே அறை கொண்ட குவார்ட்டர்ஸ். நடுவில் கதவு கிடையாது, திரைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலு மணிக்குக் கார்ட்டூன். அப்பா எழுந்திருப்பது ஐந்தரைக்கு. ஆகவே அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. டி.வி. பார்க்கலாம், சத்தம் வைக்கக் கூடாது.

படம் மட்டும் ஓடும். பாத்திரங்கள் வாயை வாயை அசைக்கும். என்ன பேசுகிறது, என்ன பெயர், ஒன்றும் தெரியாது. அண்ணனும் தங்கையும் தாங்களே பெயர் வைத்தார்கள், தாங்களே பேசினார்கள், தாங்களே பின்னணி இசையும் போட்டார்கள். எல்லாம் ரகசியக் குரலில். துண்டை நான்காக மடித்து விரித்து அதன்மேல் சாமான்களை வைத்துத் தட்டினால் சத்தம் கொஞ்சமாக வரும் என்பது பத்ரியின் கண்டுபிடிப்பு. அவர்களுக்கு மிகவும் பிடித்தது ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் ஒரு தகர ரோபோ. வாராவாரம் மாடிப்படி ஏறும், வாராவாரம் விழும். அதற்கு டப்பாராஜு என்று நாமகரணம் செய்தார்கள்.

வளர்ந்த பிறகும் சாருவை விட்டு அந்த உலகம் போகவில்லை. காமிக்ஸ் சேர்த்தாள், ரோபோ பொம்மை சேர்த்தாள், எந்த விளையாட்டில் எந்த ராட்சசன் வரும்போது என்ன சத்தம் கேட்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பிரித்து, ஒயரைப் பற்றவைத்து, அதன் கீச்சுக் குரலையே வாத்தியமாக்கித்தான் இந்தத் தலைப்பு இசையைச் செய்திருந்தாள்.

அதில் அவள் படு உஷார். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனின் சாயல் தெரியாமல் வந்துவிடக் கூடாதே என்று, அந்த ரோபோ படத்தை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்து, முதன்முறையாகச் சத்தத்தோடு கேட்டாள். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, ஊதல், முழக்கம். இவள் மெட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதியானாள். திருட்டு இல்லை.

வெளியூர்க் கதவுகளையெல்லாம் இழுத்துப் பார்த்தவள், சொந்த வீட்டுக் கதவை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை.

பத்ரியின் கம்பெனி வாசலில் செக்யூரிட்டிக்காரர் பையைத் திறக்கச் சொன்னார். "லேப்டாப் அந்தர் நக்கோ மேடம்" என்றார், உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். அதன் முதுகு முழுக்க ஒட்டியிருந்த ரோபோ ஸ்டிக்கர்களைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டு அலமாரியில் பூட்டினார். சாரு வெறுங்கையோடு உள்ளே போனாள்.

பார்வையாளர் சோபாவில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு பத்ரி வந்தான். நான்கு நாள் தாடி. கழுத்தில் அடையாள அட்டை திரும்பித் தொங்கியது.

"பத்மா அனுப்பினாளா?" என்று தன் மனைவியைச் சொல்லிக் கேட்டான்.

"மன்னி ஒண்ணும் அனுப்பலை. நானேதான் வந்தேன். ஏன் எழுந்து போனே அண்ணா?"

"ரிலீஸ் டென்ஷன்."

"ஞாயித்துக்கிழமையா?"

"எங்களுக்கு ஏது ஞாயிறு?"

"பொய் நக்கோ. கைக்கு போனே, அதைச் சொல்லு." சண்டை வந்தால் இருவருக்கும் காலனிப் பாஷை வந்துவிடும். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு.

பத்ரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எதிரிலிருந்த கண்ணாடி மேஜையின் ஓரத்தில் மெல்லத் தட்டினான். தட்டிக்கொண்டே, பக்கத்து சோபாக்காரருக்குக் கேட்காதபடி முனகினான். படி படியாக ஏறும் மெட்டு. நாலு ஸ்வரம், ஒரு தடுமாற்றம், மறுபடி நாலு ஸ்வரம். உச்சிக்குப் போய் நிறுத்தினான்.

"இது என்ன?"

"என் டைட்டில் மியூசிக்."

"டப்பாராஜு படி ஏறும்போது வாசிக்கறது" என்றான் பத்ரி. "நாலு டம்ளர். மூணுல தண்ணி, ஒண்ணு காலி. ஒரு ஸ்பூன். நான் பத்தாம் கிளாஸ், நீ ஆறாம் கிளாஸ். பெரிய பரீட்சைக்குப் படிக்காம உக்காந்து நான் போட்டது, சாரு."

அவன் சொன்ன அந்த விநாடியில் சாருவுக்கு எல்லாம் திரும்பி வந்தது. மடித்த பச்சைத் துண்டு, அதன்மேல் வரிசையாக நான்கு எவர்சில்வர் டம்ளர், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குறைக்கும் அண்ணன். எல்லாம் இருந்தது. பதினாலு வருஷமாக எங்கே போய் ஒளிந்திருந்தது?

"எனக்கு ஞாபகமே இல்லை அண்ணா. சத்தியமா. ஒருநாள் மத்தியானம் தானா வந்துதுன்னு நெனச்சேன்."

"தெரியும். அதான் தாங்கலை." பத்ரி பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ தெரிஞ்சு எடுத்திருந்தா நாலு திட்டு திட்டிட்டு, பாயசத்தையும் குடிச்சுட்டுப் போயிருப்பேன். நீ மறந்துட்டே. நான் வாழ்க்கையில உருப்படியாப் பண்ணினது அது ஒண்ணுதான்னு நெனச்சுண்டிருந்தேன். அதைக் கேட்ட ஒரே ஆளும் மறந்துட்டா."

சாருவுக்கு அழுகை வந்தது. கம்பெனி வரவேற்பறையில் அழுவதற்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அழுதாள்.

"உன் பேரையும் போடச் சொல்றேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நக்கோ." பத்ரி எழுந்துவிட்டான். "பரிதாபப்பட்டுப் போடற பேர் எனக்கு வேண்டாம். நான்தான் போட்டேங்கறதுக்கு என்ன சாட்சி? உனக்கே நான் சொல்லித்தான் தெரியறது. போ, கையெழுத்துப் போட்டு அனுப்பு. அஞ்சு மணி கெடுன்னு அம்மா சொன்னா."

"அம்மா போனை மட்டும் எடுத்தியா?"

பத்ரி லிப்டுக்குள் போனான். கல்பகத்தின் வயிற்றுவலிக் கதை எவ்வளவு பொய் என்பது அப்போதுதான் சாருவுக்கு உறைத்தது.

அவள் நனைந்துகொண்டு வீடு வந்து சேரும்போது மணி மூன்றே முக்கால். ராமசுவாமி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மேஜைமேல் இருந்த காகிதத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. கையெழுத்துக்கு முன் காகிதத்தை முழுக்கப் படிக்கும் வழக்கம் மட்டும் ரிட்டையர் ஆகவில்லை.

"இதுல நீ கையெழுத்துப் போடப் போறியா?"

சாரு தலையைக்கூடத் துவட்டாமல் எல்லாவற்றையும் சொன்னாள். டம்ளரைச் சொன்னாள், பத்ரி சொன்னதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அந்த மெட்டு தன்னுடையது இல்லை என்பது அவளுக்கே உறுதியானது. "முழுக்க அவனோடதுப்பா. நான் என் பேரை எடுத்துடறேன். இந்த வேலையே வேண்டாம்."

ராமசுவாமி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"முழுக்க அவனோடது இல்லை" என்றார்.

"உங்களுக்கு என்னப்பா தெரியும்?"

"ஏர்றது அவன். எறங்கறது நீ. அவனுக்கு முடிக்கத் தெரியாது. மேல கொண்டுபோய் நிறுத்திடுவான். நீதான் காலி டம்ளரைத் தட்டித் தட்டி, அந்தப் பொம்மை விழறாப்பல கீழ கொண்டுவருவே. அப்பறம் ரெண்டு பேரும் வாயைப் பொத்திண்டு சிரிப்பேள்."

சாருவுக்கு மதியம் கண்ணாடி மேஜையில் பத்ரி உச்சியில் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அந்த உச்சிக்கு அப்புறம், அவள் செய்த மெட்டில் இருபது விநாடி இறக்கம் இருந்தது. அது யாரும் கொடுத்ததில்லை.

சமையலறை வாசலில் கல்பகம் வந்து நின்றாள். "நீங்க தூங்கிண்டுன்னா இருந்தேள்? குறட்டை விட்டேளே!"

"குறட்டை விடலைன்னா நான் முழிச்சுண்டிருக்கேன்னு பயந்து ரெண்டும் நிறுத்திடுமே" என்றார் ராமசுவாமி.

நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த மனிதர், நாலு மணிக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கம் படுத்தபடி, குழந்தைகள் நிறுத்திவிடக் கூடாதே என்று பொய்யாகக் குறட்டை விட்டிருக்கிறார். எத்தனை வருஷம்! கல்பகத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அதோட போகலை" என்றார் ராமசுவாமி. குரல் இறங்கியிருந்தது. "அவன் சென்னைக்குப் போறேன்னு கேட்டான். அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும், தெரியாம வேண்டாம்னுட்டார்னு அவன் நெனச்சுண்டிருக்கான். எனக்குத் தெரியும் சாரு. தினமும் கேட்டவன் நான். அவன் கையில இருக்குன்னு தெரிஞ்சுதான் வேண்டாம்னேன். மூத்தவன், பாட்டை நம்பிப் போய் நடுத்தெருவுல நின்னுட்டா என்ன பண்றதுன்னு பயம். அவ்வளவுதான்."

சாருவுக்கு முதலில் வந்தது கோபம். அப்பா பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை. கம்பெனி மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் அண்ணனின் தாடிதான் கண்முன் நின்றது.

"இதை ஏன்பா இவ்வளவு நாள் சொல்லலை? அவன்கிட்ட?"

"எப்படிச் சொல்றது?" என்றார் அவர். அந்தக் கேள்வியைத்தான் எட்டு வருஷமாக அவரே கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

பிறகு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "எங்க செக்‌ஷன்ல ரெண்டு கையெழுத்து இல்லாம ஒரு பெட்டியும் வெளியில போகாது. பண்ணினவன் ஒண்ணு, பார்த்தவன் ஒண்ணு. ஒத்தைக் கையெழுத்தோட போனா அது திரும்பி வரும். இதுவும் வரும்."

மணி நாலே கால். சாரு உஷா மேடத்துக்குப் போன் செய்தாள். மெட்டு இரண்டு பேருடையது, காகிதத்தை மாற்ற வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு கேட்டது. பெயர் அட்டை தயாராகிவிட்டது, சேனல்காரர்கள் காத்திருக்கிறார்கள், இதை நேற்றுச் சொல்லக்கூடாதா என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாற்றி மாற்றிக் கேட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். திங்கள் காலை பத்து மணிக்குள் இரண்டு பேரின் கையெழுத்தும் வர வேண்டும். வராவிட்டால் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் இசை ஒன்றை வாங்கிப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் தொடரின் மற்ற இசையும் சாருவிடம் இருக்குமா என்று அவரால் உறுதி சொல்ல முடியாது.

"சரி மேடம்" என்று போனை வைத்தாள் சாரு. பேனாவைத் திறந்த கையோடு மூடி வைத்தாள். தான் மட்டும் போட்டிருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும் என்ற நினைப்பு ஒரு தடவை வந்துபோனதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

"அவன் போடமாட்டான்பா. நான் கெஞ்சினாலும் போடமாட்டான். சாட்சி இருக்கான்னு கேட்டான்."

ராமசுவாமி எழுந்தார். "கல்பகம், நாலு டம்ளர் கொண்டு வா. ஸ்பூனும்."

அவர் தம் மகனுக்கு ஒருநாளும் தாமாகப் போன் செய்ததில்லை. கல்பகம் செய்வாள், பேசுவாள், முடிக்கும்போது "அப்பா கேட்டதா சொல்லச் சொன்னார்" என்பாள். கேட்கச் சொன்னாரா என்பது அவளுக்கே வெளிச்சம். இன்று அவர் சுவர்க் காலண்டரில் எழுதியிருந்த நம்பரைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

டம்ளர்களுக்கு அடியில் கல்பகம் ஒரு துண்டை மடித்துப் போட்டாள். "வேண்டாம், இன்னிக்கு சத்தம் வரட்டும்" என்று ராமசுவாமி அதை உருவிவிட்டார். முதல் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார், தட்டினார், காதைக் கிட்டே கொண்டுபோனார். ஒரு ஸ்பூன் எடுத்தார். மறுபடி தட்டினார், அரை ஸ்பூன் விட்டார். முப்பத்தைந்து வருஷம் பெட்டி பெட்டியாகச் சோதித்த காது. மூன்று டம்ளரும் சரியாக அமையப் பத்து நிமிஷம் ஆயிற்று. சாரு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஸ்வரமும் பதினாலு வருஷத்துக்கு முன் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்ததை அவளால் சொல்ல முடிந்தது. அவளுக்கே மறந்துபோனதை அவர் வைத்திருந்தார்.

ராமசுவாமி கல்பகத்தின் போனில் நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கர் பட்டனைச் சாரு அமுக்கினாள். மணி அடித்தது. நான்காவது மணியில் எடுத்தான்.

"சொல்லும்மா. மீட்டிங்ல இருக்கேன்."

ராமசுவாமி தொண்டையைச் செருமினார். இரண்டு முறை பேச முயன்று பார்த்துவிட்டு ஸ்பூனை எடுத்தார்.

நாலு ஸ்வரம். ஒரு தடுமாற்றம். மறுபடி நாலு ஸ்வரம். பழக்கமில்லாத கை, ஒரு இடத்தில் தப்பி, திரும்ப அந்தப் படியைச் சரியாக ஏறியது. உச்சிக்குப் போனதும் அங்கேயே நிறுத்தினார். பத்ரி எங்கே நிறுத்துவானோ அதே இடம்.

அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ கேட்பதும், நாற்காலி நகர்வதும், ஒரு கதவு திறந்து மூடுவதும் கேட்டது. அதன் பிறகு அதுவும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று கல்பகம் போனைக் குனிந்து பார்த்தாள்.

"சாரு... நீயா வாசிக்கறே?"

"நான் இல்லை அண்ணா" என்றாள் சாரு.

ராமசுவாமி ஸ்பூனைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றான் பத்ரி. குரல் பத்தாம் வகுப்புப் பையனுடையதாகிவிட்டிருந்தது. "அப்போ நீங்க தூங்கவே இல்லையா?"